வாக்னர் கணக்கு: பற்றும் வரவும்

போன டிசம்பரில் வசாயில் ஒரு சர்ச் கல்யாணம். எங்கள் கிளையில் என்னோடு வேலை பார்க்கும் நண்பரின் மூத்த பெண்ணுக்கு. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது மனிதர் முகம் வாடி என் மேஜைக்கு வந்தார். கீபோர்டு வாசிக்க வேண்டிய பையன் பைக்கிலிருந்து விழுந்து கையில் கட்டுப் போட்டிருக்கிறானாம். "உங்க பொண்ணு கத்துக்கறா இல்லையா? ரெண்டே ட்யூன்தான். கல்யாணப் பொண்ணு உள்ளே வரும்போது ஒண்ணு, எல்லாம் முடிஞ்சு ஜோடியா வெளியே போகும்போது ஒண்ணு. வாசிப்பாளா?" என்று கேட்டார்.

வீட்டில் சொன்னதும் பெண்ணுக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். முலுண்டில் பக்கத்துத் தெரு டீச்சரிடம் நாலு வருஷமாகக் கீபோர்டு கற்றுக்கொள்கிறாள். அந்த இரண்டு ட்யூனும் உங்களுக்கும் தெரிந்தவைதான். சினிமாவில் வெள்ளை கவுன் போட்ட பெண் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வருவாளே, அப்போது வருவது முதலாவது. கல்யாணம் முடிந்ததும் எக்காளத்தோடு ஆரம்பிக்குமே, அது இரண்டாவது.

இரண்டு நாள் கழித்து நோட்ஸ் தாளைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். முதல் தாளின் மூலையில் வாக்னர் என்று பெயர்.

"அப்பா, ஹிட்லருக்குப் பிடிச்ச ஆள்தானே இவரு? யூதர்களைத் திட்டிக் கட்டுரையெல்லாம் எழுதியிருக்காராமே. இப்பதான் ஹிஸ்டரில நாஜி பாடம் முடிச்சோம். இத நான் வாசிக்கலாமா?"

என்னிடம் பதில் தயாராக இருந்தது. "கலை வேற, கலைஞன் வேற கண்ணா. நீ பாட்டுக்கு வாசி."

"இது நீங்க யோசிச்சுச் சொல்றதா, இல்ல எங்கேயோ படிச்சதா?"

பிடித்துவிட்டாள் :-) எங்கேயோ படித்ததுதான். எட்டு வருஷமாக முலுண்ட் லோக்கலில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாக்னர் கேட்கிறவன் நான். ராஜா சாரின் வயலின்களில் ஆரம்பித்த பைத்தியம், மும்பைக்கு மாற்றலாகி வந்தபின் நரிமன் பாயிண்ட் கச்சேரிகள் வழியாக அங்கே கொண்டுபோய் விட்டது. அவர் எழுதிய விஷத்தைப் பற்றி மேலோட்டமாகத் தெரியும். தெரிந்ததை ஓரமாகத் தள்ளி வைக்கத்தான் அந்த ஒரு வரியை வைத்திருந்தேன். பெண் கேட்ட பிறகு அந்தப் பத்து நாளும் கொஞ்சம் ஒழுங்காகப் படித்தேன். படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன். நான் பி.காம். இசை இலக்கணமோ ஜெர்மன் மொழியோ தெரியாது. கணக்கு பார்க்கத் தெரியும், அவ்வளவுதான்.

முதலில் ஆளைப் பார்ப்போம். ரிச்சர்ட் வாக்னர், 1813-ல் லைப்சிக் நகரில் பிறந்தவர். எங்கள் தொழில் பார்வையில் சொன்னால், எந்த மேனேஜரும் கிட்டே சேர்க்கக் கூடாத கடனாளி. 1839-ல் ரீகா நகரில் கடன்காரர்கள் நெருக்க, பாஸ்போர்ட் இல்லாமல், மனைவியோடும் ஒரு பெரிய நாயோடும் இரவோடிரவாக எல்லையைத் தாண்டி ஓடினார். கப்பலேறி, புயலில் மாட்டி, லண்டன் வழியாகப் பாரிஸ் வந்து சேர்ந்தார். அங்கேயும் வறுமை.

அப்போது பாரிஸ் இசை நாடக உலகின் முடிசூடா மன்னர் மேயர்பேர். ஜெர்மனியில் பிறந்த யூதர். கையில் காசில்லாத இந்த இளைஞனுக்கு அவர் பண உதவி செய்தார், பரிந்துரைக் கடிதங்கள் கொடுத்தார். வாக்னரின் 'ரியன்சி' 1842-ல் டிரெஸ்டன் நகரில் மேடையேறியதற்கு மேயர்பேரின் சிபாரிசு ஒரு முக்கியக் காரணம். வாக்னருக்குப் பெயர் கிடைத்தது அங்கேதான். அடுத்த வருஷமே அரசவை இசைப் பொறுப்பும் கிடைத்தது.

1849-ல் டிரெஸ்டனில் அரசுக்கு எதிராகக் கிளர்ச்சி. வாக்னர் அதில் கலந்துகொண்டு, தேடப்படும் ஆளாகி, சுவிட்சர்லாந்துக்கு ஓடினார். இனி வரும் தேதிகளைக் கவனியுங்கள். 1850 ஆகஸ்ட் 28. வைமார் நகரில் அவருடைய 'லோஹென்கிரின்' முதன்முதலாக மேடையேறுகிறது. நடத்தியவர் லிஸ்ட். நாடு கடந்து கிடந்த வாக்னரால் வந்து பார்க்க முடியவில்லை. என் பெண் வாசிக்க வேண்டிய கல்யாணப் பாட்டு அந்த நாடகத்தில் வருவதுதான்.

அடுத்த மாதம், 1850 செப்டம்பரில், லைப்சிக்கிலிருந்து வந்த ஓர் இசைப் பத்திரிகையில் 'இசையில் யூதத்தனம்' என்று ஒரு கட்டுரை. சுதந்திரச் சிந்தனையாளன் என்று பொருள்படும் ஒரு புனைபெயரில் வெளியானது. எழுதியவர் வாக்னர்தான். யூதனுக்கு ஐரோப்பிய மொழி எதுவும் சொந்தமில்லை, அவன் பேச்சே காதுக்கு அருவருப்பு, அதனால் அவனால் கலையைப் பிரதி எடுக்க முடியுமே தவிரப் படைக்க முடியாது என்பது சாரம். மூன்று வருஷம் முன்புதான் இறந்துபோன மெண்டல்சனைப் பெயர் சொல்லியே தாக்கினார். மேயர்பேரைப் பெயர் சொல்லாமல் தாக்கினார். ஆனால் படித்தவர்களுக்கு ஆள் யாரென்று புரிந்தது. சோறு போட்ட கை.

வாலிப வயதின் கோபம் என்று விட்டுவிடலாமா? முடியாது. 1869-ல், மேயர்பேர் இறந்து ஐந்து வருஷம் ஆனபின், தானே பெரிய ஆளாகிவிட்ட நிலையில், அதே கட்டுரையைப் பின்னுரை ஒன்றையும் சேர்த்துத் தன் சொந்தப் பெயரிலேயே மறுபடி வெளியிட்டார். முதல் தடவை முகமூடி. இரண்டாம் தடவை கையெழுத்து. வங்கியில் இதைக் கடன் ஒப்புகைக் கடிதம் என்போம். அதற்குப் பிறகு 'நான் வாங்கவில்லை' என்று சொல்ல வழியே கிடையாது.

இதில் விசித்திரம், அவரைச் சுற்றி எப்போதும் யூதக் கலைஞர்கள் இருந்தார்கள். பவேரியாவின் இளம் அரசர் இரண்டாம் லுட்விக் 1864-ல் வாக்னரைக் கூப்பிட்டுக் கடனையெல்லாம் அடைத்தார். பைராய்ட் நகரில் வாக்னர் தனக்கென்றே கட்டிக்கொண்ட அரங்கம் 1876-ல் திறந்தது. அங்கே 1882-ல் அவருடைய கடைசிப் படைப்பான 'பார்சிஃபால்' முதன்முதலாக மேடையேறியபோது நடத்தியவர் ஹெர்மன் லெவி, ஒரு யூத மதகுருவின் மகன். லெவி ஞானஸ்நானம் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று வாக்னர் நச்சரித்தார். லெவி மாறவில்லை. விட்டும் போகவில்லை. அடுத்த வருஷம் வாக்னர் இறந்தபோது சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் அவரும் ஒருவர். லெவியின் மனசுக்குள் என்ன ஓடியிருக்கும் என்று அந்தப் பத்து நாளில் பல முறை யோசித்தேன்.

ஹிட்லர் பிறந்தது 1889-ல், வாக்னர் இறந்து ஆறு வருஷம் கழித்து. அதனால் ஹிட்லரின் பாவத்தை வாக்னர் தலையில் அப்படியே எழுத முடியாது. ஆனால் 1923-லேயே ஹிட்லர் பைராய்ட் வீட்டு வாசலை மிதித்துவிட்டார். வாக்னரின் மருமகள் வினிஃப்ரெட் அவருக்கு நெருங்கிய ஆதரவாளர். ஆட்சிக்கு வந்தபின் நாஜிக் கட்சி மாநாடுகளோடு வாக்னரின் நாடகமும் சேர்ந்தே நடந்தது. முன்னோர் எழுதி வைத்த கட்டுரையும் கையில் இருந்தது.

மெண்டல்சன் கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் பெண்ணின் இரண்டாவது தாளில் இருந்த பெயர் அவருடையது. ஆமாம், ஜோடி வெளியே போகும்போது வாசிக்கும் அந்த எக்காள ட்யூன், ஷேக்ஸ்பியரின் 'மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்' நாடகத்துக்காக அவர் 1842-ல் இசையமைத்தது. 1858-ல் விக்டோரியா மகாராணியின் மூத்த மகள் கல்யாணத்தில் வாசித்ததிலிருந்து ஊரெல்லாம் பரவியது. ஆக உலகம் முழுக்க கிறிஸ்தவப் பெண்கள் வாக்னரோடு உள்ளே வந்து, வாக்னர் 'இவனால் படைக்க முடியாது' என்று எழுதிய மனிதரின் இசையோடு வெளியே போகிறார்கள்! இரண்டும் ஒரே கீபோர்டில், ஒரே மணி நேரத்தில்.

மெண்டல்சன் பிறப்பால் யூதர், சிறுவயதிலேயே ஞானஸ்நானம் பெற்றவர். நாஜிகளுக்கு ரத்தம்தான் கணக்கு. லைப்சிக்கில் அவருக்கு இருந்த சிலையை 1936 நவம்பரில், நகர மேயர் கோர்டலர் ஊரில் இல்லாத சமயம் பார்த்து, ராவோடு ராவாக அகற்றினார்கள். திரும்பி வந்த மேயர் பதவியை விட்டு விலகினார். பின்னாளில் ஹிட்லருக்கு எதிரான சதியில் பங்கிருந்ததால் 1945-ல் தூக்கிலிடப்பட்டார். சிலை அதே ஊரில் மறுபடி நின்றது 2008-ல்தான்.

சிலை போன அடுத்த மாதமே, 1936 டிசம்பர் 26 அன்று, டெல் அவிவில் ஒரு புதிய ஆர்கெஸ்ட்ராவின் முதல் கச்சேரி. ஜெர்மனியிலும் மத்திய ஐரோப்பாவிலும் வேலை இழந்த யூதக் கலைஞர்களைத் திரட்டி வயலின் மேதை ஹூபர்மன் உருவாக்கியது. நடத்த வந்தவர் இத்தாலியின் டோஸ்கனினி, யூதர் அல்லர். நாஜிகளை எதிர்த்து 1933-ல் பைராய்ட் அழைப்பை மறுத்தவர். அன்று வாசித்தவற்றில் மெண்டல்சனின் அதே 'மிட்சம்மர்' இசையிலிருந்து இரண்டு பகுதிகளும் இருந்தன.

இதே ஆர்கெஸ்ட்ரா 1938-ல் டோஸ்கனினி நடத்த வாக்னரையும் வாசித்தது என்பதை நான் இப்போதுதான் தெரிந்துகொண்டேன். அதுவும் லோஹென்கிரினிலிருந்து! அதாவது அதுவரை அந்தக் கலைஞர்களும் 'இசை வேறு, ஆள் வேறு' என்றுதான் இருந்தார்கள். மாறியது 1938 நவம்பரில். நவம்பர் 9 இரவு ஜெர்மனி முழுக்க யூத வழிபாட்டுக் கூடங்கள் எரிந்தன, கடைகள் நொறுக்கப்பட்டன. அடுத்த சில நாட்களில் டெல் அவிவில் நடக்கவிருந்த கச்சேரியில் வாக்னர் உருப்படி ஒன்று இருந்தது. அதை எடுத்துவிட்டார்கள். அன்று எடுத்தது பிறகு திரும்பி வரவில்லை. சட்டம் எதுவும் கிடையாது, வழக்கம்தான். 60 லட்சம் பேரைக் கொன்ற பிறகு அந்த வழக்கத்தை அசைக்க யாருக்கு மனம் வரும்?

1952-ல் மேற்கு ஜெர்மனி இஸ்ரேலுக்கு 300 கோடி மார்க் இழப்பீடு கொடுக்க ஒப்பந்தமானது. பெரும்பகுதி சரக்காகவே வந்தது: கப்பல்கள், ரயில் பெட்டிகள், இயந்திரங்கள். ஜெர்மன் கார்கள் தெருவில் ஓடின. அடுத்த வருஷம் வயலின் மேதை ஹைஃபெட்ஸ், நாஜி அரசின் இசைத் துறைத் தலைவராகக் கொஞ்ச காலம் இருந்த ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் ஒரு படைப்பை இஸ்ரேல் மேடைகளில் வாசித்தார். ஜெருசலேமில் ஒருவன் இரும்புக் கம்பியால் அவர் கையில் அடித்தான். ஹைஃபெட்ஸும் யூதர்தான்.

'ஜெர்மன் பணம் வாங்கலாம், ஜெர்மன் கார் ஓட்டலாம், ஜெர்மன் பாட்டு மட்டும் கூடாதா?' என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா? எனக்கும் தோன்றியது. கார் விஷயத்தில் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள் என்றில்லை. தொடவே மாட்டேன் என்று இருந்தவர்களும் உண்டு. ஆனால் காரில் ஏறுகிறவன் தனியாக ஏறுகிறான். அரங்கில் உட்காருகிறவன் மற்றவர்களோடு உட்காருகிறான். இந்த வித்தியாசம் எனக்கு உறைத்தது நம்ம மும்பைக்காரர் ஒருவர் கதையைப் படித்தபோது.

அவர் கதைக்கு முன்னால் ஒரு ரேடியோ கதை. என் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். விடியற்காலையில் அம்மா காபிக்கு டிகாக்‌ஷன் இறக்கும்போது, ஆல் இந்தியா ரேடியோவில் நிகழ்ச்சி தொடங்கும் முன் ஒரு வயலின் இழையுமே, தம்பூரா சுருதியோடு. சிவரஞ்சனி சாயல். அதை அமைத்தவர் என்று பெரும்பாலும் சொல்லப்படுபவர் வால்டர் கௌஃப்மன் என்ற யூதர். செக் நாட்டிலிருந்து 1934-ல் பம்பாய்க்கு வந்து, 1937 முதல் பம்பாய் வானொலியில் மேற்கத்திய இசைக்குப் பொறுப்பாக இருந்தவர். கும்பகோணத்தில் எங்கள் ஓட்டு வீட்டில் தினமும் பொழுது விடிந்தது, நாஜிகளின் நிழலைத் தாண்டி இந்தப் பக்கம் வந்த ஒரு மனிதரின் இசையில்தான். அது தெரியாமலே வளர்ந்திருக்கிறோம்.

கௌஃப்மனோடு பம்பாயில் சேர்ந்து வயலின் வாசித்தவர் மேலி மேத்தா, பார்சி. அவர் மகன் ஜூபின் மேத்தா. 1936-ல் இங்கே பிறந்து, சேவியர் கல்லூரியில் மருத்துவம் நோக்கிப் படிக்க ஆரம்பித்து, விட்டுவிட்டு, 1954-ல் வியன்னாவுக்கு இசை படிக்கப் போனவர். பிற்பாடு, அந்த டெல் அவிவ் ஆர்கெஸ்ட்ராவுக்கே (இஸ்ரேல் ஃபில்ஹார்மனிக் என்று பெயர் மாறிவிட்டது) இசை இயக்குநராகி 2019 வரை இருந்தார்.

1981 அக்டோபரில் ஒரு கச்சேரி முடிவில் மேத்தா பார்வையாளர்கள் பக்கம் திரும்பி, இப்போது வாக்னரின் 'டிரிஸ்டன்' நாடகத்திலிருந்து வாசிக்கப் போகிறோம், கேட்க விரும்பாதவர்கள் போகலாம் என்றார். நியாயமான ஏற்பாடு மாதிரிதானே இருக்கிறது? வாசிக்க ஆரம்பித்ததும் அரங்கில் கூச்சல், தள்ளுமுள்ளு. சீட்டுக் காட்டும் ஊழியர் ஒருவர், நாஜிக் கொடுமையிலிருந்து தப்பி வந்தவர், மேடைக்கு முன்னால் வந்து சட்டையைத் தூக்கித் தன் உடம்பின் வடுக்களைக் காட்டினார். அந்த ஊழியருக்கு 'விரும்பாதவர்கள் போகலாம்' என்பது எப்படிப் பொருந்தும்? அவர் வேலையே அந்த அரங்கில்தான். மேத்தாவின் முயற்சி அதோடு நின்றது.

2000 அக்டோபரில் ரிஷோன் லெசியோன் என்ற ஊரின் ஆர்கெஸ்ட்ரா வாக்னரின் சிறிய படைப்பொன்றை வாசித்தது. நடத்தியவர் மெண்டி ரோடன், அவரே நாஜிக் கொடுமையிலிருந்து தப்பியவர். இசை ஆரம்பித்ததும் அதே கொடுமையிலிருந்து மீண்ட ஒரு முதியவர் எழுந்து, கொண்டுவந்திருந்த கிலுகிலுப்பையைச் சுழற்றினார். யூதர்களின் பூரிம் பண்டிகையில், தங்கள் குலத்தையே அழிக்கத் திட்டமிட்ட ஆமான் என்பவனின் பெயர் வாசிக்கப்படும்போதெல்லாம் அந்தப் பெயர் காதில் விழாதபடி கிலுகிலுப்பை சுழற்றுவது வழக்கம். மேடையில் தப்பிய ஒருவர், கீழே தப்பிய ஒருவர். ஒருவர் வாசிக்கிறார், ஒருவர் அதைக் காதில் விழவிடாமல் அடிக்கிறார். இதில் யார் சரி என்று தீர்ப்பு சொல்ல நாம் யார்?

2001 ஜூலையில் ஜெருசலேமில் பாரன்பாய்ம். இஸ்ரேலில் வளர்ந்த யூதர், பெர்லின் ஆர்கெஸ்ட்ராவோடு வந்திருந்தார். வாக்னர் வேண்டாம் என்று விழாக்காரர்கள் சொல்லியிருந்ததால் ஷூமனும் ஸ்ட்ராவின்ஸ்கியும் வாசித்தார்கள். முடிந்ததும் அவர் திரும்பி, டிரிஸ்டன் கேட்கிறீர்களா என்று கேட்டார். அரை மணி நேரம் அரங்கிலேயே விவாதம். சிலர் பாசிஸ்ட் என்று கத்தினார்கள், கதவை அறைந்துகொண்டு போனார்கள். பெரும்பாலோர் இருந்து, கேட்டு, எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரு பத்திரிகையாளர் சந்திப்பில் யாருடைய செல்போனோ வாக்னர் ட்யூனில் ஒலித்ததாம். செல்போனில் ஒலிக்கலாம், அரங்கில் ஒலிக்கக் கூடாதா என்று யோசித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகும் வழக்கம் மாறவில்லை. 2018-ல் இஸ்ரேல் அரசு வானொலி வாக்னரை ஒலிபரப்பிவிட்டு மன்னிப்புக் கேட்டது.

இனி என் கணக்கு.

'கலை வேறு, கலைஞன் வேறு' என்று நான் இத்தனை வருஷம் சொன்னது ஒரு நெட்டிங். பேலன்ஸ் ஷீட்டில் பத்து லட்சம் சொத்து, எட்டு லட்சம் கடன் இருந்தால், ஒன்றில் ஒன்றைக் கழித்து 'ரெண்டு லட்சம்' என்று மட்டும் காட்டக் கூடாது. இரண்டையும் முழுசாகக் காட்ட வேண்டும். முதல் வருஷ அக்கவுண்டன்சி பாடம். டிரிஸ்டன் அந்தக் கட்டுரையை அழிக்காது. அந்தக் கட்டுரை டிரிஸ்டனை அழிக்காது. இரண்டும் ஒரே மனிதரின் ஏட்டில், ஒரே கையெழுத்தில் இருக்கின்றன. வாக்னரைக் கேட்கவே கூடாது என்கிறவரும் கழிக்கிறார், அந்தப் பக்கமாக. கண்டுகொள்ளாமல் கேட்டவன் நான், இந்தப் பக்கமாகக் கழித்தேன்.

அடுத்தது பணம். உயிரோடிருக்கும் பாடகர் ஒருவர் ஒரு கூட்டத்தையே இழிவாகப் பேசுகிறார் என்றால், நான் வாங்கும் டிக்கெட் அவர் பைக்குப் போகிறது. அது வேறு கணக்கு. அங்கே நான் வாடிக்கையாளர், நிறுத்திக்கொள்ளலாம். வாக்னர் போய் 140 வருஷத்துக்கு மேலாகிறது. என் காசு அவருக்குப் போகாது.

ஆனால் மிச்சம் ஒன்று இருக்கிறது. தள்ளுபடி. விவசாயக் கடனானாலும் வியாபாரக் கடனானாலும், 'போகட்டும், விட்டுவிட்டேன்' என்று சொல்லும் உரிமை கொடுத்தவருக்கு மட்டும்தான். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் சொல்ல முடியாது. வாக்னர் விஷயத்தில் நான் பக்கத்து வீட்டுக்காரன். என் குடும்பத்தில் யாரும் முகாமுக்குப் போகவில்லை. 'பழசையெல்லாம் மறந்துட்டு இசையை ரசிங்க' என்று நான் சொன்னால் அது பெருந்தன்மை இல்லை, அடுத்தவர் பணத்தைத் தள்ளுபடி செய்வது. மெண்டி ரோடன் தன் பங்கைத் தள்ளுபடி செய்யலாம். கிலுகிலுப்பைக்காரரின் பங்கை அவராலும் செய்ய முடியாது.

முகாம்களில் கைதிகளின் இசைக்குழுக்கள் வாசித்தவை பெரும்பாலும் மார்ச் பாட்டுகளும் கேளிக்கை இசையும்தான், வாக்னர் அவ்வளவாக இல்லை என்று சிலர் வாதம் வைக்கிறார்கள். இருக்கலாம். ஆனால் வலிக்கிறது என்கிறவரிடம் வவுச்சர் கேட்க எனக்கு மனசில்லை.

தாணேயில் என் பழைய கிளையில் ஒரு பென்ஷன் வாடிக்கையாளர் உண்டு. பெனே இஸ்ரேல் பெரியவர். கொங்கண் கரையில் பல நூற்றாண்டுகளாக இருந்து, மராத்தி பேசி, எண்ணெய் ஆட்டிப் பிழைத்து, சனிக்கிழமை மட்டும் செக்கை நிறுத்தியதால் 'சனிவார் தேலி' என்று பெயர் வாங்கிய கூட்டம். அவர் தம்பி குடும்பம் இஸ்ரேலில் இருக்கிறது. போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார். "எங்களுக்கு இந்த மண்ணில் யாரும் ஒரு கெடுதலும் செஞ்சதில்லை. உன் பொண்ணு வாசிக்கட்டும்னு நான் சொல்லிடுவேன். ஆனா என்னைக் கேட்டு என்ன பிரயோஜனம்? என் தம்பி வீட்டுக்கு மேல் மாடியில ஒரு போலந்துக் கிழவி இருந்தா, கையில நம்பர் குத்தியிருக்கும். அவ இப்ப இல்லை. அவளைக் கேட்டிருக்கணும்" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் எனக்குப் பயமே. தப்பி வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். எங்கள் தொழிலில் லிமிடேஷன் என்று ஒன்று உண்டு. கெடு தாண்டிவிட்டால் கோர்ட்டுக்குப் போய்க் கடனைக் கேட்க முடியாது. கேட்க ஆளில்லாமல் போகும் நாளில் அரங்குகள் அமைதியாக இருக்கும், வாக்னரைத் தடையில்லாமல் வாசிப்பார்கள். அன்றைக்கு அந்த ஏட்டை எழுதி வைக்கிற வேலை கேட்கிறவனுடையது, அதாவது என்னுடையது.

இதையெல்லாம் பெண்ணிடம் என் பாஷையில் சொன்னேன். பாதியில் நிறுத்தினாள். "புரியுதுப்பா. அங்க வரவங்கள்ல யாருக்காவது வலிக்குமான்னு பார்க்கணும், அவ்வளவுதானே?" நேராகக் கல்யாணப் பெண்ணுக்கே போன் போட்டுவிட்டாள். அவளோ, "சின்ன வயசுலேர்ந்து இந்தப் பாட்டுக்கு நடந்து வரதா கனவு கண்டிருக்கேன்டி. வாக்னர் யாருன்னே எனக்குத் தெரியாது. எங்க சைடுலயும் மாப்பிள்ளை சைடுலயும் அப்படி யாரும் இல்லை. வாசி" என்றிருக்கிறாள்.

வாசித்தாள். இரண்டு இடத்தில் தடுக்கியது, யாரும் கவனிக்கவில்லை. நண்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டே பெண்ணை நடத்தி வந்தார். வெளியே போகும்போது மெண்டல்சனைக் கொஞ்சம் அதிகச் சத்தமாக வாசித்தாள். வேண்டுமென்றுதான் என்று அப்புறம் சொன்னாள் :-)

திரும்பி வரும்போது ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு கேட்டாள். "அப்பா, ஒருவேளை அங்க அப்படி ஒருத்தர் இருந்திருந்தா?"

"நீ என்ன பண்ணியிருப்பே?"

"மெண்டல்சனையே ரெண்டு தடவை வாசிச்சிருப்பேன். அக்காகிட்ட நானே பேசியிருப்பேன்."

எனக்கு அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. மறுநாள் ஆபீஸ் போகும்போது லோக்கலில் வழக்கம்போல டிரிஸ்டன் போட்டேன். காட்கோபர் வரும்வரை கேட்டேன். முன்பு மாதிரியே அழகாகத்தான் இருந்தது. முன்பு மாதிரியே அழகாக இருந்ததுதான் கொஞ்சம் உறுத்தியது. உறுத்தட்டும் என்று நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.